மூன்றில் முடியும் மோரா

மிருதங்கத்தில் ஒரு சொற்கட்டை ஒருமுறை வாசித்தால் அது வெறும் சொல். அதையே மூன்று முறை வாசித்து எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், கொண்டுபோய்ச் சேர்த்தால் மோரா. வடக்கே தபலாவிலும் கதக்கிலும் இதற்குத் திஹாய் என்று பெயர். மூன்றில் ஒரு பங்கு என்பது இந்தியில் அதன் பொருள்.

ஏன் மூன்று? இரண்டோடு நிறுத்தினால் குறையாகத் தொங்கும். நாலு என்றால் சலிப்புத் தட்டும். முதல் தடவை சொல் காதில் விழுகிறது. இரண்டாம் தடவை பிடிபடுகிறது. மூன்றாம் தடவை ரசிகரும் கூடவே ஓடி, வித்வானோடு சேர்ந்து இறங்குகிறார்.

கணக்கைப் பாருங்கள். ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு 4 மாத்திரை வீதம் 32. 8 மாத்திரைச் சொல்லை மூன்று முறை வாசித்தால் 24. மிச்சம் 8. நடுவே இரண்டு இடத்திலும் நாலு நாலாகக் கார்வை, அதாவது இடைவெளி, விட்டால் சமத்தில் (தாளத்தின் முதல் எண்ணிக்கையில்) பாட்டை எடுத்துவிடலாம். பாட்டு ஒன்றரை இடத்தில் எடுப்பா? இன்னும் 6 மாத்திரை போக வேண்டும். சொல்லைத் தொடவே வேண்டாம். கார்வையை நாலிலிருந்து ஏழாக்கினால் 38, கச்சிதம்.

தீன்தாளத்துக்கு 16 மாத்திரை. திஹாயின் கடைசி 'தா' அடுத்த சமத்தின் மேலேயே விழ வேண்டும் என்பதால் அங்கே கணக்கு 17: ஐந்து மாத்திரைச் சொல் மூன்று, இடைவெளி ஒவ்வொன்று. இப்படி இடைவெளி விட்ட திஹாய்க்குத் தம்தார் என்று பேர். தம் என்றால் மூச்சு. முழுத் திஹாயையே மும்முறை வாசித்தால் சக்ரதார். அப்போது அந்தச் சொல் ஒன்பது தடவை வந்துவிடும்.

கணக்கு யாருக்கும் வரும். கைதேர்ந்தவர் தெரிவது கார்வையில்தான். கை சும்மா இருக்கும் அந்த நாலு மாத்திரையில் பதற்றக்காரர் அரை மாத்திரை முந்திவிடுவார். நல்ல வித்வான் அதை முழுசாக விடுவார்; இடப்பக்கத் தொப்பியின் கும்கி நாதம் அடங்கும்வரை பொறுத்து அடுத்த சொல்லை எடுப்பார். அந்தப் பொறுமைதான் லய சுத்தம்.

கச்சேரியில் மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் முடிவில், பெரிய மோராவுக்குப் பின், கோர்வை என்ற நிறைவுச் சொற்கட்டும் மும்முறைதான் வரும். தனி ஆரம்பித்ததும் கேன்டீனுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காபி பிறகும் கிடைக்கும். உட்கார்ந்து தாளம் போடுங்கள். கைதட்டலை மட்டும் மூன்றாவது கோர்வை முடியும்வரை வைத்திருங்கள்.