பெயர்வழித் தேடல்: புதுச்சேரியின் பெயர் மரபுகளும் சமூக ஊடகத்தில் ஆள்தேடுதலும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சமூக ஊடகங்களில் ஒருவரைத் தேடிக் கண்டடைவதற்குப் பெயரே முதன்மைக் கருவியாக உள்ளது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்னும் இரு கூறுகளைக் கொண்ட, மாறாத ஒரு பெயரை அவ்வூடகங்கள் எதிர்பார்க்கின்றன. புதுச்சேரியின் பெயர் வரலாறு இவ்வெதிர்பார்ப்புக்கு முற்றிலும் மாறானது. 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணை, கடல்கடந்த தோட்டங்களின் பதிவேடுகள், சாதிப்பின்னொட்டுகளைக் கைவிடச் செய்த சுயமரியாதை இயக்கம் ஆகியவை ஒரே சமூகத்தின் பெயர்களை வெவ்வேறு வகையில் மாற்றியமைத்தன. அப்பெயர்களுள் சில, பழைய அடையாளம் அறியப்படாதிருக்க வேண்டும் என்பதற்காகவே மாற்றப்பட்டவை. எனவே பெயர்வழித் தேடலின் தோல்வியைத் தொழில்நுட்பக் குறையாக மட்டும் கொள்ளாமல், பெயர் மாற்றத்தின் வரலாற்றோடு சேர்த்துப் பொருள்கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, பெயரியல், முகநூல், புலம்பெயர்வு, குடும்பப்பெயர், எழுத்துப்பெயர்ப்பு, தனியுரிமை.

முன்னுரை

புதுச்சேரி நகரின் பழைய தெருக்களில் பெயர்ப்பலகைகள் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதப்பட்டுள்ளன. ஒரு தெருவுக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் அமைந்திருப்பதுபோல், இந்நகரோடு தொடர்புடைய ஒரு குடும்பத்திற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் வடிவங்கள் அமைந்திருக்கக்கூடும். 1954 நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956 மே 28ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இவ்வாட்சிப்பகுதியில் பிறந்தோர் ஆறு திங்களுக்குள் எழுத்து வடிவில் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று அவ்வொப்பந்தம் இடமளித்தது. அதன் விளைவாக, ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறந்தார் இரு நாட்டுக் குடிமக்களாகப் பிரியும் நிலையும் நேர்ந்தது. அதற்கு முன்பே அரசுப்பணிக்காகச் சைகோனுக்கும், அதற்கும் முன்பு தோட்டத் தொழிலுக்காக ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து மக்கள் சென்றிருந்தனர்.

இக்கிளைகளின் வழித்தோன்றல்கள் இன்று ஒருவரையொருவர் தேடுவதற்குரிய எளிய களமாக முகநூல் உள்ளது. ஆவணக்காப்பகத்திற்குச் செல்ல இயலாதவரும் ஒரு பெயரைத் தட்டச்சு செய்ய இயலும். ஆயினும் அத்தேடல் பெரும்பாலும் பெயரிலேயே இடறுகிறது. அவ்விடறலுக்கான காரணங்களும், தேடல் வெற்றிபெறும்போது எழும் அறச்சிக்கலும் இங்கு ஆராயப்படுகின்றன.

தேடுகருவி எதிர்பார்க்கும் பெயர்

2004இல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கப்பட்டு, 2006இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட முகநூல், முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் தனித்தனிக் கட்டங்களில் கேட்கிறது. இவ்வமைப்பு மேலைநாட்டுக் குடிப்பதிவு முறையின் நீட்சியாகும். குடும்பப்பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் என்பது அதன் அடிப்படை.

தமிழர் பெயர்முறையில் இவ்வடிப்படை இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்து மகன் அல்லது மகளின் பெயருக்கு முன் நிற்கும். அடுத்த தலைமுறையில் அது மறைந்து, வேறோர் எழுத்து அவ்விடத்தைப் பெறும். இரண்டாம் கட்டத்தில் ஒருவர் தந்தையின் பெயரை இடுவார். மற்றொருவர் ஊர்ப்பெயரை இடுவார். வேறொருவர் தலைப்பெழுத்தை மட்டும் இடுவார். பெண்கள் வகையில் சிக்கல் மேலும் கூடுகிறது. திருமணத்திற்கு முன் தந்தையின் பெயரும், பின் கணவரின் பெயரும் இரண்டாம் கட்டத்தில் இடம்பெறும் வழக்கம் பரவலாக உண்டு. பள்ளித் தோழியைத் தேடும் ஒருவர் அறிந்திருக்கும் பெயர், தேடப்படுபவரின் கணக்கில் இல்லாமற்போவதற்கு இதுவே காரணம்.

பின்னொட்டில்லாத இப்பெயர்முறையில் ஓர் அரசியல் சாதனையும் அடங்கியுள்ளது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப்பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. பெயரைக் கேட்டவுடன் பிறப்பை அறிந்துகொள்ளும் வாய்ப்பை இல்லாதாக்குவது அதன் நோக்கம். குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பதைத் தேடுகருவி ஒரு குறைபாடாகக் கருதும். தமிழ்ச் சமூக வரலாற்றிலோ அவ்வெறுமை போராடிப் பெற்ற ஒன்றாகும்.

1881ஆம் ஆண்டின் ஆணை

புதுச்சேரியில் இதற்கு நேர்மாறான வழியில் இதே நோக்கம் முயலப்பட்டது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் வெளியான பிரெஞ்சு ஆணை, இந்தியர் தம் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர வழிவகுத்தது. அவ்வாறு துறந்தோர் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்து பதிவுசெய்தனர். அது அவர்தம் வழியினருக்கும் உரியதாயிற்று. இவ்வியக்கத்தின் முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாப்போர்த்’ என்னும் பெயரை ஏற்றார். பிரெஞ்சில் அச்சொல் ‘கதவு’ எனப் பொருள்படும். ‘பிள்ளை’ என்ற சாதிப்பட்டம் இருந்த இடத்தில் எச்சாதியையும் சுட்டாத ஒரு பொதுச்சொல் வந்தமர்ந்தது. துறந்தோருள் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதியாக இருந்தமை இப்பெயர் மாற்றத்தின் சமூகப் பொருளை உணர்த்துகிறது.

1881இல் புதுச்சேரியில் குடும்பப்பெயர் ஏற்கப்பட்டது. 1929இல் செங்கற்பட்டில் பட்டப்பெயர் நீக்கத் தீர்மானிக்கப்பட்டது. செயல்கள் எதிரெதிரானவை. எனினும் பெயர்வழியே சாதி அறியப்படும் நிலையிலிருந்து விடுபட இரண்டுமே உதவின. இவ்வொற்றுமை பெயர்வழித் தேடலை ஆராய்வோர் கருத்தில் கொள்ளத்தக்கது. மூதாதையரின் பழைய பெயரைக் கண்டுபிடிக்க முயலும் ஒவ்வொரு தேடலும், அம்மூதாதையரே விரும்பிக் கைவிட்ட ஒன்றை மீட்கும் செயலாகவும் அமையக்கூடும்.

தோட்டப் பதிவேட்டின் பெயர்

கடல்கடந்த தீவுகளில் நேர்ந்த பெயர் மாற்றம் விருப்பத்தால் நேர்ந்ததன்று. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின் ஒப்பந்தத் தொழிலாளரின் தேவை பெருகியது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளிலிருந்தும் ஆள்சேர்க்க இசைவளித்த உடன்பாடுகள் ரீயூனியனைப் பொறுத்து 1860லும் ஏனைய குடியேற்றங்களைப் பொறுத்து 1861லும் ஏற்பட்டன. மார்ட்டினிக்கிற்கு ஏறக்குறைய 25,000 பேரும் குவாதலூப்புக்கு ஏறக்குறைய 42,000 பேரும் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். தொழிலாளியின் பெயரோடு ஒரு பதிவெண்ணும் ஏட்டில் இடப்பட்டது. எழுத்தர் தம் காதுக்குக் கேட்டவாறு பெயரை எழுதினார். காலப்போக்கில் அத்தொழிலாளியின் தனிப்பெயரே அவர் வழியினர் அனைவருக்கும் குடும்பப்பெயராக நிலைபெற்றது.

குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்றி சிதம்பரம் (1863–1952) இதற்குத் தக்க சான்று. தமிழகத்தில் ‘சிதம்பரம்’ என்பது ஓர் ஊரின் பெயர். ஒருவருக்கு இடப்படும் தனிப்பெயரும் ஆகும். குவாதலூப்பில் அதுவே குடும்பப்பெயராயிற்று. அப்பெயரைக் கொண்டு புதுச்சேரியில் உறவினரைத் தேடும் ஒருவர், இங்கில்லாத ஒரு குடும்பப்பெயரைத் தேடுபவராகிறார். இங்குள்ள உறவினர் அத்தொழிலாளியின் பெயரைத் தாங்கியிரார். தத்தம் தந்தையின் பெயரையே தாங்கியிருப்பர். ஒரே பெயர் ஓரிடத்தில் குலத்தைக் குறிக்க, மற்றோரிடத்தில் ஒரே ஓர் ஆளைக் குறிக்கிறது.

எழுத்துப்பெயர்ப்பின் பிளவு

ஒரே தமிழ்ப்பெயர் ஆங்கில மரபிலும் பிரெஞ்சு மரபிலும் வெவ்வேறாக எழுதப்படுவது தேடலுக்கு மற்றொரு தடை. ‘முத்துசாமி’ என்பதை ஆங்கில முறையில் ‘எம், யு, டி, எச், யு, எஸ், ஏ, எம், ஒய்’ என ஒன்பது எழுத்துகளால் எழுதுவர். பிரெஞ்சு முறையில் அது ‘எம், ஓ, யு, டி, ஓ, யு, எஸ், எஸ், ஏ, எம், ஒய்’ எனப் பதினோர் எழுத்துகளாகும். உகர ஒலிக்குப் பிரெஞ்சில் ‘ஓ, யு’ என்னும் இணையெழுத்து வேண்டும். இரு உயிர்களுக்கு இடையே தனித்து நிற்கும் ‘எஸ்’ பிரெஞ்சில் அதிர்வொலியாக மாறுமாதலால், சகரத்தைக் காக்க அது இரட்டிக்கப்படுகிறது. ஆகவே இவ்வேறுபாட்டை எழுத்தரின் பிழை எனக் கொள்ள இயலாது. அது ஒலியமைதி சார்ந்த ஒழுங்கான மாற்றம். ‘சிதம்பரம்’ என்னும் பெயரில் முதலெழுத்தே மாறிவிடுகிறது: ஆங்கில முறையில் ‘சி’, பிரெஞ்சு முறையில் ‘எஸ்’. முதலெழுத்தே மாறுமிடத்து, பெயரின் தொடக்கத்தைப் பற்றிச் செல்லும் தேடல் முதற்படியிலேயே நின்றுவிடும்.

மாற்றம் ஒழுங்கானது என்பதால் அதனை விதிகளாக வகுக்கவும் இயலும். 1736இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழ் ஒலிமுறைக்கேற்ப எழுதியுள்ள பாங்கு, இதே நிகழ்வின் மறுதிசையைக் காட்டுகிறது. இரு திசை மாற்றங்களையும் ஒப்பிட்டு ஒலிமாற்ற அட்டவணை அமைப்பது தமிழ்ப் பெயரியல் ஆய்வு உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

தொடர்புகொள்ளலும் உறவுச்சொல்லும்

ஆளைக் கண்டடைந்த பின்னரும் தொடர்பு எளிதன்று. நட்புப் பட்டியலில் இல்லாதவர் அனுப்பும் செய்தி, 2015 முதல் ‘செய்திக் கோரிக்கைகள்’ என்னும் தனிப்பகுதியில் சேர்கிறது. பெறுநர் ஏற்கும்வரை, அவர் அதனைப் படித்தாரா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. பல ஆண்டுத் தேடலின் பயன் திறக்கப்படாத பெட்டியில் கிடக்கவும் கூடும். தொலைபேசி எண்ணைக் கொண்டு ஆளைத் தேடும் வசதியையும், அது தவறாகப் பயன்படுத்தப்பட்டமையால், முகநூல் 2018 ஏப்ரலில் நிறுத்தியது.

செய்தி படிக்கப்பட்டாலும் மொழித்தடை எஞ்சுகிறது. ரீயூனியனிலிருந்து எழுதுபவர் பிரெஞ்சையும் கிரியோலையும் அறிவார். புதுச்சேரியிலுள்ளவர் தமிழும் சிறிது ஆங்கிலமும் மட்டும் அறிந்திருக்கலாம். தானியங்கி மொழிபெயர்ப்பு பொருளைக் கடத்தினாலும் உறவைக் கடத்துவதில்லை. பிரெஞ்சின் ‘கூசேன்’ என்னும் ஒரு சொல் பெரியப்பா மகனையும் மாமன் மகனையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் முன்னவர் பங்காளி, உடன்பிறந்தார் நிலையினர். பின்னவர் மணமுறைக்கு உரியவர். தந்தைவழியா, தாய்வழியா என்று தெளியாத உறவுக்குத் தமிழில் அழைப்புச்சொல் இல்லை. எனவே விடையெழுத முற்படும் புதுச்சேரி உறவினர் கேட்கும் முதல் வினா, ‘எந்த வழியில் உறவு?’ என்பதாகவே இருக்கும். அவ்வினா அடுத்த படியில் ஊரையும், ஊர் வழியாகத் தெருவையும், தெரு வழியாகச் சாதியையும் எட்டிவிடும். 1881இல் துறக்கப்பட்டது இவ்வாறு ஓர் உரையாடலில் மீண்டும் வந்து நிற்கிறது.

கண்டடையப்படாதிருக்கும் உரிமை

புதுச்சேரியின் வரலாறு இவ்விடத்தில் வேறொரு பாடத்தையும் அளிக்கிறது. பிரித்தானிய அரசின் பிடியிலிருந்து தப்ப 1908இல் பாரதியும், 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் இந்நகரை அடைந்தனர். பிரித்தானிய ஒற்றர்கள் இங்கு அவர்களைக் கண்காணித்தனர். பாரதி காளிதாசன், சக்திதாசன் முதலிய புனைபெயர்களிலும் எழுதினார். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைக் கடந்தவுடன் கடலூர் அருகே அவர் கைது செய்யப்பட்டார். தேடுபவர் யாவரும் உறவினர் அல்லர் என்பதற்கு இந்நிகழ்வுகள் சான்றாகும். உறவினருக்கு உதவும் அதே தேடுகருவி, பிரிந்து சென்ற மனைவியைத் துரத்தும் கணவனுக்கும், சாதி கடந்து மணந்தோரைத் தேடும் சுற்றத்தாருக்கும் உதவும். பெயரை மாற்றியோ படத்தை நீக்கியோ இயங்கும் கணக்குகளைப் பொய்க்கணக்குகள் என்று பொதுவாக ஒதுக்குவது இதனால் பொருந்தாது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் ஒளியில் நோக்கினால், திறக்கப்படாத செய்திக் கோரிக்கையும் ஒரு விடையே ஆகும். விடையின்மை கண்டு, தேடப்படுபவரின் நண்பர்களிடமும் உறவினரிடமும் செய்தியைப் பரப்புவதும், குழுக்களில் அவர்தம் படத்தை வெளியிடுவதும் தேடலின் எல்லையை மீறிய செயல்கள். வம்சாவளி ஆய்வாளர்களும் இவ்வெல்லைக்குக் கட்டுப்பட்டவர்களே.

முடிவுரை

சமூக ஊடகத் தேடல் பெயரை ஒரு முகவரியாகக் கொள்கிறது. புதுச்சேரியின் பெயர்கள் அவ்வாறு அமையவில்லை; அவை ஆணை, ஒப்பந்தம், இயக்கம், எழுத்தரின் காது ஆகியவை பதித்துச் சென்ற ஆவணங்களாக உள்ளன. ஆகவே பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளுக்கான ஆவணக்காப்பகத்தையும் புதுச்சேரியின் குடிப்பதிவேடுகளையும் ஒலிமாற்ற விதிகளோடு சேர்த்துப் பயில்வோரே தேடலில் பயன்பெற இயலும். முகநூல் அதற்குத் துணைக்கருவி மட்டுமே.

அவ்வாறு கண்டடைந்த பின்பும், அப்பெயர் ஏன் மாற்றப்பட்டது என்னும் வினாவை ஆய்வாளர் மறத்தலாகாது. தோட்டப் பதிவேட்டில் சிதைந்த பெயரைச் செம்மைப்படுத்துவது, இழந்ததை மீட்பதாகும். விரும்பித் துறந்த பெயரைத் துறந்தோரின் வழியினர்மீது மீண்டும் சுமத்துவது, அத்துறவின் பயனை அழிப்பதாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதும், விடையளிக்கும் உரிமையைத் தேடப்படுபவருக்கே விட்டுவைப்பதும் இவ்வகை ஆய்வின் முதற்கடமைகள் ஆகும்.