உரையா, இடைச்செருகலா?

தீர்ப்பையும் ஒரு பிரதியாகத்தான் நான் வாசிக்கிறேன். அதில் யாருடைய பயம் பேசுகிறது என்று முதலில் பார்ப்பேன். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குறித்து உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 20இல் தந்த தீர்ப்பில் பயப்படுவது அடிபட்டவன் இல்லை, குற்றஞ்சாட்டப்பட்டவன். அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரி அனுமதிக்கணும். மற்றவர்களைப் பிடிக்க எஸ்.எஸ்.பி. அனுமதிக்கணும். வழக்குப் பதியும் முன்பே டி.எஸ்.பி. விசாரிக்கலாம். பிரிவு 18 அடைத்த முன்ஜாமீனுக்கும் வழி திறந்தது. ஆடு திருடுபோச்சுன்னு புகார் கொடுத்தா இத்தனை அனுமதி கேக்குறாங்களா?

எங்கள் தமிழ் வகுப்பில் மூலத்தில் இல்லாததை எழுதிச் சேர்ப்பதற்கு இடைச்செருகல் என்று பேர்.

ஏப்ரல் 2இல் வடமாநிலங்களில் நம்ம சனங்க தெருவுல இறங்குனாங்க. சில பேர் உயிரையே விட்டாங்க. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அந்த நிபந்தனைகளை நீக்கியது. 2019 அக்டோபர் 1இல் உச்சநீதிமன்றமே அவற்றைத் திரும்பப் பெற்றது. பொய்ப்புகாருக்குச் சாதி காரணமில்லை என்றும் சொன்னது. அதை வரவேற்கிறேன். ஆனால் வரிசையை மறக்கக்கூடாது. தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவுக்குச் சரியான உரையை அந்தத் தெருவுல நின்னவங்கதான் முதல்ல எழுதுனாங்க.