துப்பும் துப்புக்கூலியும்

சுஜாதாவின் ‘பிரியா’வை ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேற்கே உட்கார்ந்து வாசித்தால் பிரதி வேறாகிவிடுகிறது. லண்டன் படப்பிடிப்புக்குப் போன நடிகை கடத்தப்படுகிறாள். வக்கீல் கணேஷ் துப்புத் துலக்குகிறான். (1978 சினிமாவில் லண்டன் சிங்கப்பூராச்சு, இசை நம்ம பண்ணைப்புரத்து இளையராஜா.)

தேனி, கம்பம் பக்கம் ‘துப்பு’ என்றால் பெரிசுகளுக்குத் துப்புக்கூலிதான் ஞாபகம் வரும். களவுபோன மாட்டுக்கு நடுவுல ஒருத்தர் மூலமாப் பணம் போகும். விடிஞ்சா மாடு ஊருக்கு வெளியே கட்டிக்கிடக்கும். எடுத்தது யாருன்னு பேச்சே வராது. இதையும் சாட்சியாக்கித்தான் வெள்ளைக்காரன் ஒரு சாதியையே ரேகைச் சட்டத்துக்குள் அடைத்தான், 1920இல் பெருங்காமநல்லூரில் சுட்டான்.

கணேஷும் நடு ஆள்தான். பிரியாவைக் கண்காணிக்க அவனுக்குக் கூலி பேசுவது, அவள் சம்பாத்தியத்தைக் கையில் வைத்திருக்கும் ஜனார்த்தன். காதலனோடு போய்விடுவாளோ என்ற பயம். ஆக, கடத்தலுக்கு முன்பே அவள் கட்டுத்தறியில்தான் நிற்கிறாள். நாவல் இதைக் காட்டாமலில்லை, காட்டிவிட்டு ஓடுகிறது. எவன் தூக்கினான் என்று பக்கம் புரட்டுகிற வாசகனை, எவன் கட்டிவைத்திருந்தான் என்று கேட்கவிடாத நடை அது. அந்த வேகத்தைத்தான் நாம் இத்தனை வருஷமாகக் கொண்டாடிவருகிறோம்.