விளம்பரத்தைக் கடந்த பார்வை

விற்க வந்தவன் உண்மை பேச இயலுமா? விளம்பரங்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நம் உள்ளத்தில் எழும் வினா இது. இதற்கு விடை தேட, பிரித்தானிய நாட்டில் போக்குவரத்தை மக்களிடையே பரப்புவதற்கென எடுக்கப்பட்ட சில குறும்படங்களை எடுத்துக்கொள்வோம். பயணச்சீட்டு விற்கப் பிறந்த அப்படங்கள், அச்சீட்டுகள் செல்லாதனவாகிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் பார்க்கப்படுகின்றன. அது ஏன் என்பதே நம் ஆய்வு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தால் பிரித்தானிய இரயில்களும் கால்வாய்களும் இலண்டன் மாநகரின் பேருந்துகள், டிராம்கள், சுரங்க இரயில்களும் ஒரே ஆணையத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. அவ்வாணையம் 1949-இல் 'பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் ஃபிலிம்ஸ்' என்ற படப்பிரிவைத் தொடங்கி, எட்கர் ஆன்ஸ்டியை அதன் தலைவராக்கியது. இவர் 1935-இல் ஆர்தர் எல்ட்டனுடன் இணைந்து 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்னும் விவரணப் படத்தை உருவாக்கியவர். இலண்டன் சேரி மக்கள் தம் துயரைத் தம் வாயாலேயே கூறிய படம் அது. அதற்குப் பணம் தந்ததும் எரிவாயுத் தொழில் துறையினரே. ஆக, வணிகரின் காசில் ஏழையின் குரலைக் கேட்கச் செய்யலாம் என்பதை ஆன்ஸ்டி முன்பே கற்றிருந்தார்.

முதலில் 1954-இல் வெளிவந்த 'எலிசபெத்தன் எக்ஸ்பிரஸ்'. இலண்டனிலிருந்து எடின்பரோ வரை 393 மைல் தொலைவை எங்கும் நில்லாமல் கடக்கும் விரைவு வண்டியைப் பற்றிய படம். வண்டி நிற்காதெனில் ஓட்டுநர் ஓய்வது எப்படி? இஞ்சினுக்குப் பின்னாலுள்ள கரிவண்டியின் ஓரமாக ஒரு குறுகிய நடைவழி உண்டு. பாதி வழியில், ஓடும் வண்டியிலேயே, அவ்வழியாகப் புதிய ஓட்டுநரும் ஃபயர்மேனும் வந்து பொறுப்பேற்பர். வியப்பூட்டும் காட்சி. ஆயினும் படத்தின் பின்னணி உரை செய்யுள் நடையில், எதையும் தொட்டுத்தொட்டுப் புகழ்கிறது. கரி அள்ளும் கைகளின் உழைப்பை நம் கண் காண்பதற்குள் அடுத்த எதுகை வந்து குறுக்கே நிற்கிறது. இங்கே விளம்பரம் வென்றது. மனிதன் சற்றே ஒதுங்கிவிட்டான்.

இதற்கு மாறானது 1958-இல் ரால்ஃப் கீன் இயக்கிய 'அண்டர் நைட் ஸ்ட்ரீட்ஸ்'. கீன் 1950-களின் தொடக்கத்தில் இலங்கை அரசின் திரைப்படப் பிரிவில் பணியாற்றியவர். பின்னாளில் 'ரேகாவ' தந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், அங்கே அவருடன் இருந்து தொழில் பழகியவரே. இலண்டன் சுரங்க இரயிலின் இரவுப் பணியாளர்களைக் காட்டுவது இப்படம். கடைசி வண்டி சென்றபின் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. பணியாளர்கள் சுரங்கத்தினுள் நடந்து இறங்குகின்றனர். தண்டவாளத்தைச் சரிபார்ப்போர் ஒருபுறம். மறுபுறம், தூரிகைகளோடு குனிந்து தூசி தட்டும் பெண்கள். பல்லாயிரம் பயணிகளின் ஆடைகளிலிருந்தும் தலைகளிலிருந்தும் உதிர்ந்த நூலிழையும் மயிரும் சுரங்கத்தில் படிகின்றன. அதனை அகற்றாவிடில் தீப்பற்றும் ஆபத்து உண்டு. விடியலின் முதல் வண்டி வருமுன் வேலை முடிந்தாக வேண்டும். அவ்வண்டியில் ஏறுவோர் அப்பெண்களைக் காணப்போவதே இல்லை.

நம் ஆண்டவர் கூறிய உவமையில், காணாமற்போன ஒற்றை நாணயத்துக்காக விளக்கேற்றி வீடு முழுவதையும் பெருக்கும் ஒரு பெண் வருகிறாள். இறைவனுக்கே உவமையாக நிறுத்தப்பட்டவள் அவள். சுரங்கத்தின் இருளில் துடைத்துக்கொண்டே செல்லும் இப்பெண்களைப் பார்க்கையில் அவளே நம் நினைவுக்கு வருகிறாள். ஆணையம் விற்க விரும்பியது பாதுகாப்பான பயணத்தை. அப்பாதுகாப்பு யார் கையால் வருகிறது என்பதைப் படம் சென்று பார்த்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டது 1957-இல். இப்படம் அதற்கு அடுத்த ஆண்டில் வந்தது. அச்சாதனங்களை இறைவனின் கொடைகளாகத் திருச்சபை கருதியதன் பொருள் இத்தகைய காட்சிகளில் துலங்குகிறது.

அடுத்து, 1953-இல் ஜான் கிரிஷ் தந்த 'தி எலிஃபென்ட் வில் நெவர் ஃபர்கெட்'. 1952 சூலையில் இலண்டனின் பழைய டிராம் வண்டிகள் தம் ஓட்டத்தை முடித்துக்கொண்டன. இறுதிச் சடங்கை மட்டும் பதிவுசெய்தால் போதும் என்பது மேலிடத்தின் எண்ணம். வழக்கொழியும் ஒன்றுக்குப் புகழ்மாலை எதற்கு? கிரிஷ் பணியவில்லை. எஞ்சியிருந்த படச்சுருளைக் கொண்டு டிராம்களையும் அவற்றில் ஏறிய மக்களையும் படம்பிடித்தார். வேலையை இழந்தார். படமோ அப்பிரிவின் பெரிதும் விரும்பப்பட்ட படைப்புகளுள் ஒன்றாயிற்று. புதியதை விற்பதற்கே அமைந்த ஓர் அலுவலகத்தில், போவதற்கு நன்றி கூறியவர் தண்டனை பெற்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, இவற்றுள் மிகவும் போற்றப்பட்ட 'டெர்மினஸ்'. 1961-இல் ஜான் ஷ்லெசிங்கர் இயக்கியது. வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. வாட்டர்லூ நிலையத்தின் ஒரு நாளை, விளக்கவுரை ஏதுமின்றி, அரைமணி நேரத்துக்குச் சற்று மிகுதியாகக் காட்டுகிறது. கூட்டம், விடைபெறுதல், கப்பலிலிருந்து இறங்கி இரயிலில் வந்துசேரும் மேற்கிந்தியத் தீவினர் எனப் பல முகங்கள். இவற்றினிடையே தாயைத் தவறவிட்டு அழும் சிறுவன் ஒருவன். பார்ப்போர் நெஞ்சில் நிலைத்துவிடும் அழுகை அது.

ஆனால் அச்சிறுவன் தற்செயலாகத் தொலைந்தவனல்லன். தாயின் இசைவோடு, படத்துக்கென்றே, அவனுக்குத் தெரியாமல் தனியே விடப்பட்டவன். காட்சி ஏற்பாடு; கண்ணீர் உண்மை.

இங்கேதான் நாம் தயங்கி நிற்கிறோம். காட்சியை முன்னரே அமைத்துக்கொள்வது மட்டும் பொய்யாகிவிடாது. விவரணப் படங்கள் பலவற்றிலும் அது உண்டு. இரயில் நிலையத்தில் குழந்தைகள் தொலைவதும் நடப்பதே. அன்னை மரியாவும் சூசையப்பரும் மூன்று நாள் தேடி அலைந்த துயரை ஆண்டுதோறும் தியானிக்கும் நமக்கு, இக்காட்சியின் ஆற்றல் புரியாததன்று. எனினும், தாய் இசைந்தாள், மகன் இசையவில்லை. அவனது அச்சம் அவனிடமிருந்து கேளாமல் எடுத்துக்கொள்ளப்பட்டது. சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 1997-இல் வெளியிட்ட ஏடு, விளம்பரத்துக்கு மூன்று அளவுகோல்களைத் தருகிறது: உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு. 'டெர்மினஸ்' முதலாவதில் ஓரளவு தேறலாம். இரண்டாவதில், அச்சிறுவனைப் பொறுத்தவரை, தவறிவிட்டது என்பதே நம் முடிவு. கலையின் உயர்வு அக்கடனைத் தீர்த்துவிடாது. அதற்காகப் படத்தையே ஒதுக்கிவிடவும் வேண்டுவதில்லை. கடனை அறிந்து பார்த்தால் போதும்.

1963 மார்ச்சில் இரயில்வே தலைவர் பீச்சிங் தம் அறிக்கையை வெளியிட்டார். 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதைகளையும் மூடுமாறு அது பரிந்துரைத்தது. அதனை மக்களுக்கு விளக்கவும் அதே படப்பிரிவு ஒரு படம் எடுத்தது. 'ரீஷேப்பிங் பிரிட்டிஷ் ரெயில்வேஸ்' என்ற அப்படத்தில் பீச்சிங்கே தோன்றி விளக்கினார். வாருங்கள் என்று அழைத்த நாவே, இனி உங்கள் ஊருக்கு வண்டி வராது என்றும் கூறவேண்டியதாயிற்று. கூலிக்குப் பேசும் கலைக்கு நேரும் இக்கட்டு இது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். விற்க வந்தவனும் உண்மை பேசலாம்; ஆனால் விற்பதை ஒரு நொடி மறந்து, எதிரே நிற்பவரை அவர் பொருட்டே பார்க்கும்போதுதான். அப்பார்வை இரவுப் பணிப்பெண்களுக்குக் கிட்டியது. அழுத சிறுவனுக்கு முழுமையாகக் கிட்டவில்லை. இன்று நம் இல்லங்களில் காலை முதல் இரவுவரை விளம்பரங்கள் ஒளிர்கின்றன. அழும் குழந்தையும் சிரிக்கும் முதியவரும் அவற்றில் நிறையவே வருகின்றனர். அவர்களுள் எவரேனும் நம் கண்ணை நனைக்கும்போது, ஒன்றைக் கேட்டுப் பழகுவோம்: இம்முகம் நமக்குக் காட்டப்படுகிறதா, அன்றி நம்மைப் பிடிக்கத் தூண்டிலில் கோக்கப்பட்டிருக்கிறதா?