மயான காண்டமும் மூன்று மரபுகளும்

சங்கரதாஸ் சுவாமிகளின் குருபூஜை மலருக்காகச் சங்கத்துப் பெரியவர்கள் பணித்தபடி, 'அரிச்சந்திரா'வின் மயான காண்டத்தைத் தாங்கிநின்ற மரபுகள் இங்கே தொகுக்கப்படுகின்றன.

கதையைச் சங்க உறுப்பினர்கள் அறிவார்கள். விசுவாமித்திரரின் சோதனையால் அயோத்தி மன்னன் அரிச்சந்திரன் காசியில் சுடலை காக்கிறான். அரசும் குடும்பமும் குலமும் தலைகீழாகிவிட்டன. குலையாமல் நிற்பது கூலிக் கணக்கு ஒன்றுதான். பிணமாகக் கிடப்பவன் தன் மகன் லோகிதாசன் என்று தெரிந்த பின்னும், வாய்க்கரிசியை விட்டுக்கொடுக்கத் துணிபவன், தன் ஆண்டை வீரபாகுவுக்குச் சேரவேண்டிய கால்பணத்தையும் முழத்துண்டையும் விட்டுக்கொடுக்க மறுக்கிறான். தன்னுடையதைத் தரலாம், ஆண்டையுடையதைத் தர உரிமையில்லை. நாடகத்தின் அறம் முழுவதும் அந்த மறுப்பில் இருக்கிறது.

முதலாவது, வட மாவட்டக் கூத்து மரபு. அதில் இக்கதை விடிய விடிய ஆடப்படுகிறது. ஊர்ச் சுடுகாட்டு அரிச்சந்திரன் கல்லருகே பாடையை இறக்கிவைக்கும் மக்களுக்கு இது வெறும் கதையன்று.

இரண்டாவது, 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் மரபு. அது வசனத்தை நம்பியது. 'அமலாதித்யன்', 'மகபதி' என்று ஷேக்ஸ்பியரின் துன்பியல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர், அரிச்சந்திரனைத் தலைகீழாக்கிப் பொய்யே பேசும் 'சந்திரஹரி'யையும் படைத்தார்.

மூன்றாவது, நம் சங்கரதாஸ் சுவாமிகளின் மரபு. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைக் கண்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் அவர்; 1922-இல் மறைந்தார். இக்கட்டுரையாளரின் வாத்தியார் அவ்வழி வந்த பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். கூலி கேட்கும் இடத்தில் ராஜபார்ட் அசையக் கூடாது, சங்கதி போடக் கூடாது, ஆர்மோனியம் சுருதியை மட்டும் பிடிக்க வேண்டும் என்பார். அழுகை மனைவி சந்திரமதிக்கு, அரிச்சந்திரன் அழுதால் விசுவாமித்திரர் ஜெயித்துவிட்டார் என்பார்.

இன்றைய கலைஞர் எவரையும் புண்படுத்தும் எண்ணமில்லை. திறமைசாலிகள் பலர் உண்டு. ஆயினும் சில மேடைகளில் பபூனும் டான்ஸும் நடுநிசி தாண்டியும் நீள, மயானம் விடியற்காலைக்குத் தள்ளப்படுகிறது. கால்பணப் பாட்டு விடுபடுகிறது. சுடலைக்காவலன் ஜரிகை வேட்டியில் வருகிறான். சந்திரமதியின் புலம்பலில் சினிமா மெட்டு நுழைகிறது. சுருதி சேர்ப்பாரில்லை, பாடம் கேட்பாரில்லை, வாத்தியார் காலைத் தொட்டு மேடையேறுவாருமில்லை. மங்களம் பாட மட்டும் எல்லோருக்கும் அவசரம். ராஜபார்ட்டே அரைகுறையாக நின்றால், எந்த நெறியை ஊருக்குச் சொல்ல வருகிறோம்?

மூத்த வாத்தியார்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த குருபூஜையில் மயான காண்டத்தை ஒரு பாட்டும் குறையாமல் அவர்கள் முன்னிலையில் இளையோர் நடிக்கச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கான பாடம் இந்த மாதமே தொடங்கட்டும்.