எண்ணும் அதன் படியும்

ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதுவோன் கண்ட எழுத்தையே எழுதுவதா, செம்மையெனத் தோன்றுவதை எழுதுவதா என்பது பதிப்புத்துறையின் பழைய வினா. அவ்வினாவே இன்று கணனியில் எண்களைக் குறித்தும் எழுகின்றது. கொழும்பு தெமட்டகொடையில், ஒறியன் சிற்றி வளாகத்து மென்பொருள் நிறுவனங்களில் எழுதப்படும் நிரல்கள் கடல் கடந்த கணனிகளோடும் எண்களைப் பரிமாறுகின்றன. ஆதலின் இது நமக்குத் தொலைவான வினா அன்று.

தரவுத்தளத்தைக் காக்கும் சேவையகம் ஒன்று. அதனிடம் தரவு கேட்கும் கணனி வேறொன்று. முன்னர் ஐ.பி.எம். 360, வாக்ஸ் போன்ற கணனிகள் மிதவைப் புள்ளி எண்களை வெவ்வேறு அமைப்பில் வைத்திருந்தன. 1985ஆம் ஆண்டின் ஐ.ஈ.ஈ.ஈ. 754 நியமம் அவற்றுக்குப் பொது வடிவம் வகுத்தது. பைற்றுகளின் வரிசையை மட்டும் வகுக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2003இல் வெளியிட்ட 7.4ஆம் பதிப்பில், துவித வடிவில் அனுப்பும் எண்ணுக்கு அவ்வரிசையையும் நிலைப்படுத்திற்று. இது பாராட்டத்தக்கது.

குறை, எண்ணைத் தசம இலக்கங்களாக எழுதி அனுப்பும் வழக்கத்திலேயே இருந்தது. எட்டுப் பைற்று எண்ணை 15 இலக்கங்களுக்குள் சுருக்கி அனுப்புவதே நெடுங்காலம் அதன் இயல்பு. மனிதர் எழுதித் தரும் 15 இலக்க எண் மாறாது மீளும் என்பதே அதற்குரிய நியாயம். ஆனால் கணனி தானே கணித்த எண் மாறாது மீள 17 இலக்கங்கள் வரை வேண்டும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சேவையகத்தில் கிடைப்பது 0.30000000000000004. அது 0.3 எனச் சென்றது. பெற்ற கணனி அதே 0.3ஐத் திருப்பியனுப்பி, அப்பெறுமானமுடைய பதிவைக் கேட்டால், அத்தகைய பதிவு இல்லை என்பதே விடை. தந்தவரே தந்ததை மறுக்கும் நிலை இது.

இன்னுமொன்று: தரவுத்தளத்தைப் பிரதியெடுக்கும் போஸ்ட்கிரெஸின் சொந்தக் கருவி, கூடுதல் இலக்கங்களைக் கேட்டே பெற்றது. பொதுவழக்கம் நம்பத்தக்கதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பு, அதே எண்ணை மீட்டுத் தரும் மிகச் சுருங்கிய தசம வடிவத்தை இயல்பாக்கிற்று. சுருக்கமும் மெய்ம்மையும் பகையல்ல என்பதை அது காட்டிற்று. எனினும் மெய்யான படி மூலத்தின் குறையைத் தீர்க்காது. ரூபாவையும் சதத்தையும் மிதவைப் புள்ளியில் வைப்போருக்கு அப்படி, அவர்தம் பிழையையே பிழையின்றிக் கொண்டுசேர்க்கும். பணக்கணக்குக்குத் தசம வகையே உரியது. கண்ணுக்கு இனிய எண்ணைக் காட்டுவது திரையின் பணி. உள்ள எண்ணைக் கொண்டுசேர்ப்பதே தூதின் பணி. இரண்டையும் ஒன்றாக்கியதே பழைய வழக்கத்தின் பிழை.