துறைமுகமும் புயலும்

இயேசு சபைக் குருவாக வாழ்ந்து மறைந்த ஆங்கிலக் கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் தம் இருபதாம் வயதில், 1864-இல், எட்டே அடிகளில் ஒரு கவிதை எழுதினார். ‘ஹெவன்-ஹேவன்’ என்பது அதன் தலைப்பு. விண்ணகம் என்னும் துறைமுகம் என்று பொருள் கொள்ளலாம். கன்னியர் மடத்தில் அடியெடுத்து வைக்கும் ஒரு பெண்ணின் கூற்று அது. காற்றும் அலையும் எட்டாத புகலிடமாகவே அவள் துறவறத்தைக் காண்கிறாள். இனிய கவிதைதான். ஆயினும், துறவறத்தை வெளியிலிருந்து பார்த்தவரின் கவிதை. அப்போது அவர் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற ஆங்கிலிக்க மாணவர்.

உள்ளே வந்தபோது அவர் கண்டது வேறு. 1866-இல் நியூமன் அவரைக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொண்டார். பெற்றோர் மனம் நொந்தனர். 1871 வரை கத்தோலிக்கர் ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரி உறுப்பினர் பதவி வகிக்கச் சட்டம் இடந்தரவில்லை. முதல் வகுப்பில் தேறியவருக்கு அவ்வழியும் அடைபட்டது. 1868-இல் தம் கவிதைகளைத் தீக்கிரையாக்கிவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். பின்னர் ஏழாண்டுகள் ஏறத்தாழ மௌனம்.

1875 டிசம்பரில் ‘டாய்ச்லாந்து’ என்னும் கப்பல் தேம்சு ஆற்று முகத்துவாரத்தருகே மணல்திட்டில் மோதிச் சிதைந்தது. மாண்டோர் ஐம்பதுக்கும் மேல். அவர்களுள் ஐவர், ஜெர்மனியின் ஃபால்க் சட்டங்களால் நாடிழந்த பிரான்சிஸ்கன் அருட்சகோதரிகள். யாரேனும் இதைப் பாடலாமே என்று மடத்து அதிபர் சொன்ன ஒரு சொல் ஹாப்கின்சுக்குப் போதுமானதாயிற்று. அந்நேரத்தில் தாம் வேல்ஸ் நாட்டில் கூரையின்கீழ் அமைதியாயிருந்ததை அக்கவிதையிலேயே அவர் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். கடலில் ஒரு சகோதரி கிறிஸ்துவைக் கூவியழைக்கிறார். கரையில் ஒரு துறவி பாதுகாப்பாய் இருக்கிறார். இந்த வெட்கமே கவிதையின் உயிர் என்பேன்.

முப்பத்தைந்து பத்திகள் கொண்ட அக்கவிதையின் இறுதிப் பத்தியில், இளமைக் கவிதையின் அதே தலைப்புச் சொல் மீண்டும் வருகிறது. ஆனால் இப்போது துறைமுகம் மடமன்று. மூழ்கி மாண்டபின் அடையும் கரை. பதினொரே ஆண்டுகளில் ஒரு சொல் இவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது!

வடிவிலும் அவர் துணிந்தார். அசைகளை எண்ணாது அழுத்தங்களை மட்டும் எண்ணும் சந்தத்தைக் கையாண்டார். இயேசு சபையாரின் ‘தி மந்த்’ இதழ் அதை வெளியிடவில்லை. அதன்பின் அச்சேறுவதற்கு அவர் பெரிதாக முயன்றாரில்லை. நண்பர் ராபர்ட் பிரிட்ஜசுக்கு எழுதியனுப்பியதோடு அமைந்தார். இதனைத் தாழ்ச்சி என்று போற்றுவோர் பலர். நான் பாதியே உடன்படுவேன். புகழின் சோதனையை அஞ்சியவர், வாசகரின் தீர்ப்பையும் சற்றே அஞ்சியிருக்கலாம். எவரும் படிக்காத இடத்தில்தான் இத்தனை துணிவு வளர்ந்தது என்பதையும் மறுக்க இயலாது. நூல் வெளிவந்தது 1918-இல். கவிஞர் மறைந்து இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்.

1884-இல் டப்ளினில் கிரேக்கப் பேராசிரியராகச் சென்றார். விடைத்தாள்களின் சுமை, நாடுவிட்ட தனிமை, உடல்நலிவு. அங்கே பிறந்த பதினான்கடிப் பாக்களில் புகலிடம் எதுவும் இல்லை. இரவெல்லாம் இறைவனோடு போராடிய யாக்கோபைப் போல, விடியலின் உறுதியின்றிப் போராடும் குரலே கேட்கிறது. விசுவாசியான ஒரு குரு இவ்வாறு எழுதலாமா என்று தயங்குவோர் திருப்பாடல்களை மீண்டும் படிக்கலாம். அப்பாக்களில் பலவற்றை அவர் பிரிட்ஜசுக்கும் அனுப்பவில்லை. 1889 ஜூன் 8-இல், நாற்பத்து நான்காம் வயதில், குடற்காய்ச்சலால் அவர் இறந்தபின் தாள்களுக்கிடையே அவை கிடைத்தன.